எனக்கு முன்னால் இருந்த முதுகு

அவரை நான் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறேன். கிள்ளான் ஆற்றுத் திருவிழாவின் துடுப்புப் படகுப் போட்டிக்கு எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து ஓர் அணி அமைத்திருந்தோம். அதில் எனக்கு முன் இருக்கை அவருடையது. அகன்ற முதுகு, படிய வாரிய நரைமுடி. துடுப்பை நீரில் இறக்கும்போதெல்லாம் அடித்தொண்டையில் "ம்" என்று முனகுவார். அந்த முனகலுக்குத்தான் நான் துடுப்பு போட்டுப் பழகினேன்.

போட்டியன்று படகின் மூக்களவு வித்தியாசத்தில் தோற்றோம். முடிவுக்கோட்டை நெருங்கும்போதுதான் கவனித்தேன். மற்றவர்களின் துடுப்பைச் சுற்றி நீர் சுழித்தது. அவருடையது அழகாக இறங்கி, அழகாக ஏறியது. நீர் அசையவே இல்லை.

கரையில் வடைக் கடை முன்னால் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, நீங்க இழுக்கவே இல்லையா?"

அவர் வடையைச் சட்னியில் தோய்த்தார். "அதான் நீங்கள்லாம் இழுக்கிறீங்களே லா."

"அப்புறம் எதுக்கு முனகுனீங்க?"

"சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும், பாஸ்?"

சொல்லிவிட்டுப் பாதி வடையைப் பிய்த்து நீட்டினார். அந்த உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. கொப்புளம் உடைந்த கையால் அதை வாங்கித் தின்றேன். பசி.

அவர் ஏமாற்றியதைக்கூட மறந்துவிடுவேன். கடைசி நேரத்தில், இனி முடியாது என்று துடுப்பைக் கீழே போட்டுவிட இருந்த என்னை இழுக்க வைத்ததே அந்த "ம்"தான். அதைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை.