ரெண்டு டயர் போதுமா?

முதல் பனி விழுந்த பிறகுதான் ஜப்பானின் அசாஹிகாவா ஊருக்கே குளிர்கால டயர் ஞாபகம் வரும். அந்த வாரம் எங்கள் டயர் கடை முதலாளி ஓனோதெராவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அன்று மாலை இகராஷி, நான்கு சக்கரமும் இழுக்கிற தன் வேகக் காரைக் கொண்டுவந்தார்.

"முன்னாடி ரெண்டுதான் தேஞ்சிருக்கு. ரெண்டு போதுமே, ஓனோதெரா-சான்."

"போதாது. புதுசு உயரம், பழசு குட்டை. ஒண்ணை ஒண்ணு இழுத்து, நடுவுல இருக்கிற கியர்தான் சாகும். வருஷா வருஷம் இதே பாட்டு எனக்கு! நாலையும் மாத்துங்க."

இகராஷி முனகிக்கொண்டே தலையாட்டினார். டயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓனோதெரா காரைப் பிடித்து எழுந்தார். போன வருடம் மருத்துவமனையில் மாற்றிய வலது முழங்கால் நிமிர்ந்தது. தேய்ந்த இடது முழங்கால் நிமிரவில்லை.

"டாக்டர் ஏன் ஒரு முட்டிய மட்டும் மாத்தினாரு?" என்று கேட்டார் இகராஷி.

"அவரு ரெண்டையும் மாத்தணும்னுதான் சொன்னாரு. நான்தான் ஒண்ணு போதும்னுட்டேன்."