தேரிக் கிணற்றுக் கதை யாருடையது?

1. வார இதழ்

அன்று அலுவலகம் திறக்கும் முன்பே செல்வக்கனி வாசலில் நின்றிருந்தாள். திசையன்விளையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கையிலிருந்த வார இதழைப் பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அக்கா, இது எங்கதை. உங்க பட்டறையில நான் சொன்னது. அவரு பேருல வந்திருக்கு. எப்படிக்கா?”

நின்றபடியே படித்தேன். மண் சரியும் கிணறு, மேலே நிற்கும் நான்கு பேர், எட்டாத கயிறு. எல்லாம் அவள் சொன்னது. பெயர் மட்டும், எங்கள் பட்டறைக்குச் சிறப்பு விருந்தினராக வந்துபோன சென்னை எழுத்தாளருடையது.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஓர் இலக்கிய அறக்கட்டளையில் நான் ஸ்டெனோவாக இருந்தேன். எழுத விரும்பும் புதியவர்களுக்குப் பட்டறையும் கருத்தரங்கும் நடத்துவது அறக்கட்டளையின் வேலை. ஹால் பிடிப்பது, கார்டு போடுவது, பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுப்பது என் வேலை. நாள் முழுக்கச் சொற்பொழிவு கேட்டுப் பாதிப்பேர் கொட்டாவி விடுவதைப் பார்த்துத்தான் ‘மேசைக் கதை’யைக் கொண்டுவந்தேன். பெங்களூரில் வேலை பார்த்த என் தம்பி, நண்பர்களோடு பகடை உருட்டி ஆடும் ஒரு கதை விளையாட்டைச் சொல்லித் தந்திருந்தான். மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாக இருந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். நாங்கள் பகடைக்குப் பதில் சோழி போட்டோம். கதை நடத்துபவருக்கு ‘நடத்துநர்’ என்று பெயர் வைத்தேன். “டிக்கெட் உண்டுமா?” என்று முதலில் கேலி செய்தார்கள். பிறகு பழகிவிட்டது.

2. கிணற்று மேசை

செல்வக்கனி தையல் ஆசிரியை. அதுவரை ஒரு கதையும் அச்சில் வந்ததில்லை. கூட்டத்தில் வாய் திறக்காதவள், நடத்துநர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வேறு ஆளானாள்.

“செம்மண் தேரி. எங்க பாத்தாலும் மணல் மேடு. கிணறு வெட்டுதவரு அறுபது அடிக்குக் கீழ நிக்காரு. ஒரு பக்கம் மண்ணு பைய உதிருது. மேல நீங்க நாலு பேரு. கயிறு நாப்பது அடிதான். என்ன செய்யப் போறிய?”

ஒருவர் ஊருக்குள் ஓடிப்போய் வேறு கயிறு கொண்டுவருவேன் என்றார். “நீங்க திரும்பி வாரதுக்குள்ள இடுப்பளவு மண்ணு மூடிட்டு,” என்றாள். வண்ணார்பேட்டையில் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி, வேட்டிகளை முடிந்து கயிற்றோடு சேர்ப்போம் என்றார். சோழி போட்டார்கள். முதல் முறை வேண்டிய எண்ணிக்கை விழவில்லை, இரண்டாம் முறை விழுந்தது. ஆள் மேலே வந்துவிட்டார். அண்ணாச்சி கைதட்டினார். செல்வக்கனி மேசையிலேயே தலை சாய்த்து அழுதாள்.

நான் வெளியே கூட்டிக்கொண்டுபோய்க் காரணம் கேட்டேன்.

“அது எங்க ஐயாக்கா. நான் ஏழாப்பு படிக்கும்போது. யாருக்கும் வேட்டிய முடிஞ்சு போடணும்னு தோணல. இன்னைக்குத்தான் அவரு மேல வந்தாரு.”

அந்த மேசையின் ஓரத்தில் நாற்காலி போட்டு, சென்னை எழுத்தாளர் ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்துக்கொண்டிருந்தார். “ரொம்ப இயல்பா வருது,” என்று பாராட்டவும் செய்தார். இதழில் வந்த கதையில் மேலே நின்றவர்கள் பீடி பிடித்தபடி வேடிக்கை பார்க்கிறார்கள். கிணற்றுக்குள் இருப்பவர் குடிகாரர். செல்வக்கனியின் அப்பா சாராயத்தைத் தொட்டதே இல்லையாம். ஊரில் யாரோ அவள் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். “ஐயாவக் குடிகாரன்னு நீ ஏன்டி சொன்ன?” என்று அம்மா கேட்டாளாம். மகளோடு இரண்டு நாள் பேசவில்லை.

3. செயலாளர் அறை

இதழை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

“இங்க பாரும்மா கோமதி, அவரு வந்தாத்தான் நம்ம ஹால் நிறையுது. அந்தப் பிள்ள எழுதி ஒண்ணும் குடுக்கலல்லா? வாயால சொன்னதுக்கு யாரு சாட்சி?”

“நான் சாட்சி சார். சொல்லச் சொல்ல எழுதியிருக்கேன்.”

“அது ஆபீஸ் நோட்டு. வெளிய போகப்பிடாது.”

எனக்கு வேலை தேவைப்பட்டது. வாயை மூடிக்கொண்டேன். செல்வக்கனியிடம், “நீயே உன் கதையை எழுதி அதே இதழுக்கு அனுப்பு,” என்று மட்டும் சொன்னேன். அவள் ராப்பகலாக எழுதி அனுப்பினாள். கதை திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: ‘இதே கருவில் அமைந்த சிறந்த கதை ஒன்று ஏற்கெனவே நம் இதழில் வெளிவந்துவிட்டது. வேறு முயற்சிக்கவும்.’

இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சீட்டை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. திருடியவனுக்கு முதல் உரிமை, பறிகொடுத்தவளுக்குப் புத்திமதி!

4. கருத்தரங்கு

ஏழு மாதம் கழித்து ‘கதை எங்கே பிறக்கிறது?’ என்று ஒரு கருத்தரங்கு வைத்தோம். மேடையில் மூவர். நடுநாயகமாக அதே எழுத்தாளர். செல்வக்கனிக்கு அழைப்பு வேண்டாம் என்று செயலாளர் சொல்லியிருந்தார். நான் அனுப்பினேன்.

கேள்வி நேரம் வந்தது. அவள் எழுந்தாள்.

“ஐயா, உங்க கிணத்துக் கதையில உள்ள இருக்கவரு பேரு என்ன?”

“கதையிலே பேர் வைக்கலையேம்மா,” என்று அவர் சிரித்தார்.

“வைக்க முடியாது. உங்களுக்குத் தெரியாது. அவரு பேரு தங்கராசு. எங்க ஐயா. குடிக்க மாட்டாரு.”

எழுத்தாளர் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். “அது ஒரு விளையாட்டு. நாலு பேர் சேர்ந்து ஆடினது. விளையாட்டிலே வந்தது எல்லாருக்கும் பொது. எழுத்தாக்கினவன் நான்.”

விளையாட்டு! அதைக் கொண்டுவந்தவள் நான். அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. குறிப்பெடுக்கும் நாற்காலியிலிருந்து எழுந்து, பழைய நோட்டைப் பிரித்து, செல்வக்கனி நடத்துநராகச் சொன்ன ஒவ்வொரு வரியையும் வாசித்தேன்.

“கோமதி, உக்காருங்க,” என்றார் செயலாளர்.

நான் உட்காரவில்லை. கடைசி வரி வரை வாசித்தேன். பின்வரிசையில் வண்ணார்பேட்டை அண்ணாச்சி எழுந்து, “நானும் அந்த மேசையில இருந்தேன் வே. வேட்டி முடிஞ்சது நாந்தான். அந்தப் பிள்ள சொன்னது நிசம்,” என்றார்.

எழுத்தாளர் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி மேடையிலிருந்து இறங்கிப் போனார். அவ்வளவுதான். இதழில் மறுப்பு வரவில்லை. அந்தக் கதை அவருடைய தொகுப்பிலும் சேர்ந்தது. என்னைப் பட்டறை வேலையிலிருந்து எடுத்து, தபால்தலை ஒட்டும் வேலைக்கு மாற்றினார்கள். செல்வக்கனியின் கதையை நாகர்கோவில் பக்கத்துச் சிற்றிதழ் ஒன்று, தங்கராசு என்ற பெயரோடு போட்டது. அந்த இதழை அவளே தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாளாம். அம்மா மறுபடியும் ஒரு தடவை வாசிக்கச் சொன்னாளாம்.

இப்போது பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேசையில் உட்காரும் முன்பே, கதையை நடத்துவது யார், அந்தக் கதை யாருக்குச் சொந்தம் என்று ஒரு தாளில் எழுதி, வேடிக்கை பார்க்க வருகிற பெரிய மனிதர் உட்பட எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அவர் முகம் சுளித்தால் வாசலைக் காட்டுங்கள். அன்று நான் எழுந்து நின்றதைத் தைரியம் என்று பலர் சொன்னார்கள். செல்வக்கனி வாசலில் வந்து நின்ற அன்றே செய்திருந்தால் அந்தப் பெயர் பொருந்தியிருக்கும். ஏழு மாதம் அவளைத் தனியாக விட்டிருந்தேன்.