இன்னாசி அண்ணன் வாங்கிய உப்பு

கீரமங்கலம் பக்கம் தென்னை வைக்கிறவர்கள் குழியின் அடியில் உப்பைக் கொட்டித்தான் கன்றை நடுவார்கள். இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். அப்படித் தெரிந்தவர்களே சேர்ந்துதான் இன்னாசி அண்ணனைக் கொலைகாரர் என்றார்கள்.

அண்ணன் எனக்கு அடுத்த தோட்டக்காரர். கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்து, நாங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது முதலில் மண்வெட்டியை எடுத்தவர் அவர்தான். மனைவி போன பிறகு தனி ஆளாக நின்று மகள் இனியாவை நர்ஸுக்குப் படிக்க வைத்தார். கல்யாணம் ஆகாத தம்பி பெலிக்ஸுக்கும் அவர் வீட்டில்தான் சோறு. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். கோயிலில் பூசை பார்ப்பதுகூடக் கடைசி வரிசையில் நின்றுதான்.

போன ஆவணியில் பெலிக்ஸ் காணாமல் போனான். பைக் மட்டும் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் கிடந்தது. போலீசில் புகார் கொடுத்ததும் அண்ணன்தான், வேளாங்கண்ணி வரை தேடி அலைந்ததும் அண்ணன்தான். தென்னைக்கென்று முன்பே வெட்டிப் போட்ட குழிகள் மழையில் தூர்ந்துவிடுமே என்று, அந்தக் கவலையோடு கவலையாக உப்பு மூட்டை வாங்கிவந்து கன்றுகளை நட்டார். வந்தது வினை.

ரகுநாத் என்று ஒருவன், யூடியூப் சேனல்காரன், வெளியூரிலிருந்து வந்தான். 'தம்பி மாயம்! அண்ணன் தோட்டத்தில் திடீர்க் குழிகள்! உப்பு மூட்டை எதற்கு?' என்று பயங்கரமான இசையோடு வீடியோ போட்டான். அவனுக்குத் தென்னையைப் பற்றித் தெரியாது, சரி. உப்பு விற்ற ரெங்கராஜுக்குமா தெரியாது? "ஆமாங்க, மூட்டை மூட்டையா வாங்கிட்டுப் போனாரு" என்று அந்த வீடியோவில் சாட்சி சொல்லியிருந்தார்.

நேரே கடைக்குப் போய்க் கேட்டேன். "ஏங்க, வருசா வருசம் நானும் ஒங்ககிட்டதான உப்பு வாங்குறேன்? நான் யாரைப் பொதைச்சேன்?"

ரெங்கராஜ் கொஞ்சமும் கூசவில்லை. "எனக்கும் தெரியும்தாங்க. ஆனா வீடியோவுல பாக்குறப்ப எனக்கே சந்தேகமாப் போச்சு."

கடையை விட்டு இறங்கி வந்துவிட்டேன்.

கடைசியில் போலீஸே வந்து குழிகளைத் தோண்டியது. திருவிழாக் கூட்டம் மாதிரி ஊரே தோட்டத்தில் நின்றது. அப்போதுதான் வேர் பிடித்திருந்த கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்கள். ஒரு குழியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார், பிறகு அடுத்த குழிக்கு நகர்வார். "நடிப்பைப் பாருங்க" என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள்.

"எங்கயும் இல்லைன்னா உசுரோட இருக்கான்னுதான தங்கச்சி அர்த்தம்?" என்றார் அண்ணன் என்னிடம். அங்கே நின்ற அத்தனை பேரில் பெலிக்ஸ் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஏமாந்த முகத்தோடு கலைந்தார்கள்.

அன்று சாயங்காலம் திருச்சியிலிருந்து இனியா போன் செய்தாள். அண்ணனுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"குழியெல்லாம் தோண்டிப் பாத்துட்டாங்களாப்பா?"

"பாத்துட்டாங்கம்மா. ஒண்ணும் இல்ல."

பிறகு கேட்டாள்: "பழைய கெணத்தையும் பாத்தாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டத்து மூலையில் பாழாய்க் கிடந்த அந்தக் கிணற்றைப் பற்றி ரகுநாத்கூட வாய் திறக்கவில்லை. பெற்ற மகளுக்கே சந்தேகம். அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குச் சொல்றேம்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் இன்ஜின் சத்தம் கேட்டது. அண்ணன் பம்புசெட்டை வாடகைக்குப் பிடித்து வந்து கிணற்றை இறைத்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் தண்ணீர் வற்றியது. வீடியோ கால் போடத் தெரியாது என்று என்னைக் கூப்பிட்டார். போட்டுக் கொடுத்தேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் குனிந்து போனை நீட்டினார். "தெரியுதாம்மா? வெறும் சேறுதான். ஒன் சித்தப்பா இல்ல."

"போதும்ப்பா... எடுத்துருங்கப்பா..." இனியா விம்மி விம்மி அழுதாள்.

"அழுவாதம்மா, நல்லாப் பாத்துக்க" என்றார் அண்ணன். "இந்தா, அங்கிட்டும் காட்டுறேன்."