இருபத்தாறு மணி

அடுத்த வாரத்துக்கான கடமை அட்டவணையை எழுதிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. காலை பத்து மணி இருக்கும். ஆசுபத்திரியில் துணைக்கு நின்ற எங்கள் முதியோர் இல்லப் பராமரிப்பாளர் லெட்சுமி பேசினாள். "அக்கா, மிஸ்ஸி போயிட்டாங்க." அதற்குப் பிறகும் அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. பேனையை மூடினேன். எதற்கு மூடினேன் என்று தெரியாமல் திரும்பவும் திறந்தேன். விறாந்தையில் இருந்து கந்தையா ஐயா, "ஆர் பிள்ளை போன்ல?" என்று கேட்டார். காது கேளாது என்று வருடக்கணக்காக எங்களை ஏமாற்றி வரும் மனிசனுக்கு அன்றைக்குக் கேட்டுவிட்டது.

திரேசா மிஸ்ஸியை உங்களில் பலருக்குத் தெரியும். முல்லைத்தீவுக் கரையில், கடற்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்து, காலமெல்லாம் தாதியாக வேலை பார்த்தவர். உங்களுக்கு ஊசி போட்டிருப்பார். காய்ச்சற்காரப் பிள்ளையை மூன்று நாள் வீட்டில் வைத்திருந்துவிட்டுக் கொண்டுபோனதற்காக உங்களை ஏசியும் இருப்பார். ஓய்வு பெற்ற பின்னர் முதியோர் இல்லங்களைப் பரிசோதிக்கும் குழுவில் அவரைச் சேர்த்தார்கள். நான் அவரை அறிந்தது அந்த வழியால்தான். சும்மா சொல்லக்கூடாது, முதல் கொஞ்சக் காலம் அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் இல்லம் முரசுமோட்டையில், வயல் ஓரமாக இருக்கிறது. அப்போது பத்தொன்பது பேர் இருந்தார்கள். நான் பொறுப்பாளர். பரிசோதனைக்கு வருவதென்றால் ஒரு கிழமைக்கு முன்னரே கடிதம் வரும். நாங்கள் விறாந்தை கழுவி, நல்ல விரிப்புகளை அலுமாரியால் எடுத்துப் போட்டு, அன்றைக்குக் கோழிக்கறியும் வைப்போம். வருபவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு, "ஏதும் குறை இருக்கோ?" என்று முதியவர்களைக் கேட்பார்கள். "ஒரு குறையும் இல்லை ஐயா" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். அவதானிப்புப் புத்தகம் என்று ஒரு தடித்த கொப்பி இருக்கிறது. பரிசோதிக்க வருபவர்கள் மட்டுமே அதில் எழுதலாம். அதில் "திருப்தி" என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் கொப்பி முழுவதும் திருப்திதான்.

மிஸ்ஸி கடிதம் போடாமல் வந்தார். பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, ஓட்டோ பிடித்து, சத்தம் கேட்கக்கூடாதென்று அதையும் மதகடியில் நிற்பாட்டிவிட்டு நடந்து வந்திருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முந்திய நேரம். சட்டம் போட்டு மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "ஒரு கதிரை தாறியோ பிள்ளை?" என்றார். ஐம்பது வயது தாண்டிய என்னைப் பிள்ளை என்றதே எனக்குப் பிடிக்கவில்லை. கதிரையைக் கட்டில்களுக்கு நடுவில் போட்டு இருந்தவர், கைப்பையைத் திறந்து செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினார். நான் குசினிக்குள் போய்ச் சமையற்கார அக்காவிடம், "செபம் பண்ணத்தான் இவ்வளவு தூரம் வந்தவாவாம். இதென்ன கண்டறியாத பரிசோதனை" என்று முணுமுணுத்தேன்.

பிறகு கடமை அட்டவணையைக் கேட்டார். அதில் பராமரிப்பாளர்கள் நான்கு பேர் என்று இருந்தது. உண்மையில் இரண்டு பேர்தான். ஒருத்தி வெளிநாட்டுக்குப் போய் மூன்று மாதம். மற்றவள் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள். ஆள் போதாது என்று தெரிந்தால் பதிவைப் புதுப்பிக்கமாட்டார்கள், இல்லத்தை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில், அவர்களின் பெயர்களுக்கு நேரே ஒவ்வொரு நாளும் நான்தான் அடையாளம் போட்டு வந்தேன்.

"மற்ற ரெண்டு பேரும் எங்கை?" என்று கேட்டார்.

"உள்ளுக்கு நிக்கினம் மிஸ்ஸி."

"ஓமோ? என்ரயும் சமைக்கிறவவின்ரயும் விட்டா, வாசற்படியில மூண்டு சோடிச் செருப்புத்தானே கிடக்கு. ஒண்டு உன்ர. ரெண்டு, இந்தா நிக்கிற பிள்ளையளின்ர. மற்றவை ரெண்டு பேரும் இந்த வெய்யிலுக்குள்ள வெறுங்காலோடயோ வேலைக்கு வந்தவை?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்த்தவள், அட்டவணையை மூடி வைத்தேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கொப்பியை எடுத்து எழுதிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வந்த வழியே நடந்து போனார்.

அவர் போன பிறகு திறந்து பார்த்தேன். "எல்லோரும் குறையில்லை என்றார்கள். ஆகவே திரும்பவும் வரவேண்டும்" என்று முதலில் எழுதியிருந்தார். அதன் கீழே, "பராமரிப்பாளர் நால்வர் என்று பதிவு சொல்கிறது. இருவரே உள்ளனர்." மூன்றாவது வரிதான் என்னைக் கொதிக்க வைத்தது. "கந்தையா ஐயா அழைத்தது தொடக்கம் ஆள் வரும்வரை: இருபத்தாறு மணி."

எனக்கு விசர் பிடித்துவிட்டது. மணித்தியாலம் என்பதைத்தான் சுருக்கி எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். அன்றைக்கே தொலைபேசியில் பிடித்தேன். "மிஸ்ஸி, அட்டவணையில நான் செய்தது பிழைதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா இதென்ன அநியாயம்? நீங்கள் இஞ்சை நிண்டதே ரெண்டு மணித்தியாலம். அதுக்குள்ள எப்பிடி இருபத்தாறு மணி போகும்?"

மறுபக்கத்தில் சிரிப்பு. மூச்சு எடுக்க முடியாத சிரிப்பு.

"ஐயோ பிள்ளை, அது செபமாலை மணி! மணிக்கூட்டைப் பாத்தா உங்கட பிள்ளையள் பயந்து ஓடித்திரிவினம். மாலையை உருட்டினா, கிழவி செபம் பண்ணுது எண்டு பேசாமல் தங்கட பாட்டில இருப்பினம். ஒரு மணிக்கு ஒரு அருள்நிறைந்த மந்திரம். அந்த மனிசன் இருபத்தாறு மந்திரத்துக்குத் தண்ணி தண்ணி எண்டு கூப்பிட்டவர்."

நான் சைவக்காரி. ஒரு மந்திரம் எவ்வளவு நேரம் போகும் என்று எனக்கு எங்கே தெரியும்? ஆனால் சிரிக்க முடியவில்லை. எங்கள் இரண்டு பிள்ளைகளும் அந்த நேரம் ஒரு அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டு நின்றார்கள். நான் குசினிக்குள் நின்று மிஸ்ஸியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரமெல்லாம் கந்தையா ஐயா தண்ணீருக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

குழு கூடியபோது என்னையும் அழைத்தார்கள். பொய்ப் பதிவு வைத்த இல்லத்தை மூடவேண்டும் என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மிஸ்ஸி எழுந்தார்.

"மூடுறது லேசு ஐயா. அந்தப் பத்தொன்பது பேரையும் எங்கை கொண்டுபோய் விடப்போறியள்? அதுகள் தங்கட வாழ்நாளில எத்தினை தரம் மூட்டை கட்டினதுகள் எண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னொருக்கா இடம்பெயரச் சொல்லி என்ர வாயால சொல்லமாட்டன். மூண்டு மாதம் குடுங்கோ. நான் போய்ப் பாத்து, உள்ளதை உள்ளபடி எழுதுறன்."

வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை, ஏசினார். "நாலு பேர் எண்டு நீ பொய் எழுதினா, மூண்டாவது ஆளை உனக்கு ஆர் தருவினம்? இல்லை எண்டு எழுதினாத்தானே பிள்ளை, தாங்கோ எண்டு கேக்கலாம்."

கேட்கத் தானே என்னோடு வந்தார். விசுவமடுவில் மாதர் சங்கக் கூட்டத்தில் வைத்துக் கேட்டோம். லெட்சுமி அங்கேதான் கிடைத்தாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். புருசன் இல்லை, மாமியும் செத்துவிட்டார், தோட்டக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். "எனக்குப் படிப்பு இல்லீங்களே மிஸ்ஸி" என்று தயங்கினாள். "மாமியைக் கடைசி வரைக்கும் ஆர் பாத்தது?" என்று மிஸ்ஸி கேட்டார். "நான்தாங்க. ஆறு வருசம் படுக்கையில இருந்தாங்க." "படுக்கைப் புண் வந்ததோ?" "இல்லீங்க." மிஸ்ஸி என் பக்கம் திரும்பி, "இவவைக் கூட்டிக்கொண்டு போ" என்றார். லெட்சுமியோடு இன்னொருத்தியும் சேர, மூன்று மாதம் முடிவதற்குள் பராமரிப்பாளர்கள் உண்மையாகவே நான்கு பேர் ஆகிவிட்டார்கள். மிஸ்ஸி திரும்ப வந்து, பழையபடி கதிரை கேட்டு, மாலையை உருட்டிவிட்டு, "பதினொரு மணி" என்று எழுதினார். அதற்கடுத்த முறை ஏழு. ஒருமுறை, மழை நாளில், பதினான்கு. அதையும் விடாமல் எழுதினார். திருப்தி என்ற சொல்லை அந்த மனுசி ஒருநாளும் எழுதியதில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு அவருக்கே பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. கல்யாணம் கட்டாதவர். வெளிநாட்டில் இருந்த மருமகன், கொழும்பில் குளிரூட்டிய அறையும் தோட்டமும் உள்ள இல்லமொன்றைப் பார்த்து வைத்தார். மிஸ்ஸி மாட்டேன் என்றார். ஓட்டோவில் எங்கள் வாசலில் வந்து இறங்கினார், இந்த முறை மதகடியில் அல்ல. "மிஸ்ஸி, எங்கட பிழை எல்லாத்தையும் தெரிஞ்சுகொண்டும் ஏன் இஞ்சை வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சபடியால்தான். அந்தப் பெரிய இடத்திலயும் புத்தகத்தைக் கேட்டுப் பாக்கச் சொன்னனான். முழுக்கத் திருப்தியாம். குறை எழுதாத புத்தகம் எண்டா, ஆரும் பாக்கேல்லை எண்டு அர்த்தம். உன்ர புத்தகத்தில என்ன பிழை கிடந்தது எண்டும் எனக்குத் தெரியும், அது எப்பிடித் திருந்தினது எண்டும் தெரியும்."

எனக்குக் கிடைத்த சான்றிதழ் அதுதான். சட்டம் போட முடியாத சான்றிதழ்.

நோயாளியாக அவர் ஒரு பெரிய சோலி. சம்பலில் புளி காணாது என்பார். லெட்சுமி சீப்பால் தலை இழுத்தால், "மெல்ல, நான் மாடில்லை" என்பார். இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். கந்தையா ஐயாவோடு கூட்டுச் சேர்ந்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பின்னேரங்களில் மிஸ்ஸி கண்ணைக் காட்டுவார். உடனே ஐயா, "பிள்ளை! பிள்ளை!" என்று உயிர் போகிறமாதிரிக் கத்துவார். எங்கள் பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தால், ஐயாவுக்கு ஒன்றும் இராது. பக்கத்தில் மிஸ்ஸி இடக்கையில் மாலையோடு, "அஞ்சு. நேற்று நாலு" என்பார். "ரெண்டு பேருக்கும் வெக்கமில்லையோ?" என்று நான் சத்தம் போட்டேன். கந்தையா ஐயா காதில் கையை வைத்து, "என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்றார். மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கடைசி மாதம் பேச்சுக் குறைந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் நான் போய்க் கட்டிலில் இருந்து, "ஏதும் வேணுமோ மிஸ்ஸி?" என்று கேட்டேன். "குறையொண்டும் இல்லை பிள்ளை" என்றார்.

எங்கள் சனம் சாகிறபோதும் குறையில்லை என்றுதான் சொல்லும், அதைக் கேட்டுத் திருப்திப்பட்டுப் போகிறவர் விருந்தாளி என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். நான் எழுந்து போகவில்லை. குதிக்கால்களைத் தூக்கிப் பார்த்தேன், சிவக்கவில்லை. விரிப்பின் கீழே கையை விட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. பிறகுதான் தண்ணீர்க் கோப்பையைக் கண்டேன். காலையில் மேசையை நகர்த்திக் கூட்டிய யாரோ அதை வலப்பக்கத்தில் வைத்துவிட்டார்கள், அவரால் அசைக்க முடியாத கையின் பக்கம். எவ்வளவு நேரம் தாகத்தோடு கிடந்தாரோ தெரியாது. கோப்பையை இடப்பக்கம் மாற்றிவைத்து, தலையை நிமிர்த்திப் பருக்கினேன்.

"ஏன் மிஸ்ஸி, கூப்பிட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"அதுகள் சாப்பிடுற நேரம், பாவம்" என்றார். பிறகு என் கையைத் தட்டி, "பாத்திட்டாய்தானே" என்றார்.

அவ்வளவு கண்டிப்பான மனுசிக்கும், தன் முறை வந்தபோது, குறையில்லை என்ற அந்தச் சொல்தான் வாயில் வந்தது. அதற்காகவே அவர்மேல் எனக்கு அன்பு இன்னும் கூடிவிட்டது.

செபமாலையை அவரோடே அனுப்பிவிட்டோம். இரண்டு கைகளையும் சேர்த்து அதைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். என்னிடம் அவருடைய பொருள் என்று ஒன்றுமில்லை. யாராவது கூப்பிடும் சத்தம் கேட்டால், எனக்கு அருள்நிறைந்த மந்திரம் தெரியாது, விரல் மடிப்புகளில் "முருகா, முருகா" என்று எண்ணிக்கொண்டு ஓடுகிறேன். குறையில்லை என்று யார் சொன்னாலும் கட்டிலடியில் குனிந்து பார்க்கிறேன். அவர் எனக்கு விட்டுப்போனது இவ்வளவுதான், இது போதும்.

அடக்கம் முடிந்து வந்த அன்று, சாவுச் செய்தி சொன்ன அழைப்பில் நான் கேட்கத் தவறியது என்ன என்று லெட்சுமியிடம் கேட்டேன். ஆசுபத்திரியில் கடைசி நேரத்தில் மிஸ்ஸி கூப்பிட்டவரா, கஷ்டப்பட்டவரா என்று.

"இல்லைக்கா. கூப்பிடவே இல்லை. நான் விடிஞ்சதிலருந்து கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள்.

பரிசோதிக்க வருபவர்கள் மட்டும்தான் எழுதலாம் என்று சொன்னேனே, அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். மிஸ்ஸியின் கையெழுத்து இருந்த கடைசிப் பக்கத்தில், அவருடைய வரிகளுக்குக் கீழே நான் எழுதினேன். நாளை வருபவர்கள் ஏன் எழுதினாய் என்று கேட்டால் ஏச்சு வாங்கிக்கொள்கிறேன்.

"திரேசா மிஸ்ஸி அழைத்தது தொடக்கம் ஆள் வரும்வரை: ஒரு மணியும் இல்லை. ஆள் பக்கத்திலேயே இருந்தது."