டைரியில் இல்லாத ஞாயிறு

1949-இல் என் மகளுக்கு ஏழு வயது. மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோவிலில் அந்த ஆண்டு புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கவிருந்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. செபங்களையெல்லாம் தாய்தான் சொல்லிக்கொடுத்தாள். அவர்கள் மாலையில் செபமாலை சொல்லும்போது நான் அடுத்த அறையில் டைரி எழுதிக்கொண்டிருப்பேன். பெயர் கொடுக்க மட்டும் நான் அவளைப் பங்குச் சாமியாரிடம் அழைத்துப்போனேன்.

அவளுக்கு ஞானஸ்நானம் நடந்தது இங்கே அல்ல. 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னை காலியானபோது, பிள்ளைத்தாய்ச்சியான மனைவியைத் திருச்சிப் பக்கம் அவள் அண்ணன் வீட்டுக்கு ரயிலேற்றினேன். அங்கேதான் மகள் பிறந்தாள். ஆகவே புதுநன்மைக்கு முன் அந்தப் பங்கிலிருந்து ஞானஸ்நானப் பதிவின் நகல் வரவேண்டும். அதற்குத் தேதி வேண்டும்.

"என்னைக்குன்னு சொல்லுங்க" என்று சாமியார் பேனாவைத் திறந்தார். நான் விழித்தேன். "என்னய்யா, கோவில் மணி கப்பல்ல வந்து இறங்குன நாளைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வீரே" என்று சிரித்தார்.

மகள் என் கையை விடாமலே, "அப்பாவுக்குத் தெரியும் சாமி. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காங்க" என்றாள்.

பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். மூன்று வாரம்தான் இருக்கிறது, தாமதிக்காதீர்கள் என்றார்.

மனைவியைக் கேட்டிருந்தால் அடுப்படியிலிருந்தே சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. பங்கில் யாருக்கு எந்தத் தேதி வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். என் பிள்ளையின் தேதியை நான் இன்னொருவரிடம் கேட்பதா? 1942 டைரியில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இல்லை என்பது முதல் மாலையே தெரிந்துவிட்டது. லஸ் முனையிலிருந்து குளக்கரை வரை எந்தெந்தக் கடை பூட்டிக் கிடந்தது, அரிசிக்கடை எத்தனை மணிக்குத் திறந்தது, எல்லாம் இருந்தன. மே மாதத்தில் ஒரு வரி: பெண் குழந்தை, இருவரும் நலம். அடுத்த வரி, தெருவில் மிஞ்சியிருந்த மாடுகளைப் பற்றியது.

பிறகு பழைய கடிதங்களைக் கிளறினேன். அலுவலகம் விட்டு வந்து நாளுக்கு ஒரு கட்டாக, இரண்டு வாரம் போய்விட்டது. கடைசியில் மனைவியின் கடிதம் கிடைத்தது. வரும் ஞாயிறு ஞானஸ்நானம், லீவு கிடைத்தால் வாருங்கள், தகப்பன் பக்கத்தில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று எழுதியிருந்தாள். தேதி போடும் வழக்கம் அவளுக்கு இல்லை. தாளைத் திருப்பினேன். பின்புறத்தில் என் பென்சில் எழுத்து: எங்கள் தெருவில் பூட்டியிருந்த வீடுகளின் பட்டியல்.

லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஊர் காலியாவதை ஒரு முறைதான் பார்க்க முடியும், பிள்ளையை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

காபி கொண்டுவந்த மனைவி கடிதத்தைப் பார்த்தாள். நான் என்ன தேடுகிறேன் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தேதியைச் சொன்னாள்.

"அண்ணன்தான் பிள்ளையைக் கையில ஏந்தி நின்னாரு. அவருக்கு ஒரு கார்டு போட்டிருந்தா இந்நேரம் நகல் வந்திருக்குமேங்க" என்றாள்.

அன்றே அவருக்கு எழுதினேன். நகல் உரிய நாளுக்குள் வரவில்லை. வந்ததும் அவளுக்குத் தனியாக நன்மை கொடுக்கிறேன், அதற்கு முன் முடியாது என்று சாமியார் சொல்லிவிட்டார்.

புதுநன்மை நடந்த ஞாயிற்றுக்கிழமை, தைத்து வைத்த வெள்ளைக் கவுனை மகள் அப்படியும் போட்டுக்கொண்டாள். கோவிலில் தாயுடன் பெண்கள் பக்கம் போகாமல் என்னருகில் வந்து தரையில் உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளைகள் மெழுகுவர்த்தி பிடித்து வரிசையாக எங்களைக் கடந்து பீடத்துக்குப் போனார்கள். அவளோடு படித்த பெண் ஒருத்தி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"அப்பா, இன்னைக்கு நடந்ததையும் எழுதுவீங்களா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

எழுதுகிறேன் என்றேன். அன்றைய பக்கத்தில் கிழமையை மட்டும் எழுதியிருக்கிறேன்.