மேலே ‘போல’, கீழே ‘மனசு’

பாக்கியம் மதினி போய்விட்டார் என்று பண்ணைப்புரத்திலிருந்து போன் வந்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். உலையில் போட்டு, வடித்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அழுகை வரவில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. பினாங்கில் பிறந்து வளர்ந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். அவர் வாசல் கோலத்தை ஊரே பார்த்திருக்கும். நடுவில் ஒரு சீன எழுத்து இருக்கும்: 恕. பினாங்கில் கடைப் பலகை எழுதிய சீனக் கிழவர் ஒருவர் கற்றுக்கொடுத்தாராம். ஒருநாள் கோலத்தைக் காட்டி மதினி என்னிடம் சொன்னார்: “மேல இருக்கது ‘போல’, கீழ இருக்கது ‘மனசு’. உன் மனசு போலத்தான் அடுத்தவ மனசும்னு அர்த்தம், பேச்சி. மன்னிப்புன்னும் சொல்லுவாக.”

மன்னிப்பு என்று அவர் வாயால் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பா செத்த அன்று அண்ணன் மூலையில் உட்கார்ந்து அழ, நான் கெங்குவார்பட்டியிலிருந்து வந்து சேருமுன் “எடுங்க” என்று சொன்னவர் மதினி. நான் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

“மன்னிப்புன்னா, கேக்குறதா குடுக்குறதா?” என்றேன்.

மதினி சிரித்தார். “வித்த சாமானைத் திருப்பி வாங்க மாட்டோம்னு கடையில பலகை வைப்பாகல்ல, அதுல இந்த எழுத்தைத்தான் முதல்ல போடுவாக. பொறுத்துக்கோங்கன்னு.”

“அப்ப எங்கப்பனை எடுத்துட்டுப் பலகையை மாட்டிட்டீக.”

“அது கடைக்காரன் புழக்கம் ஆத்தா. பழைய அர்த்தம் வேற. என் இடத்துல நின்னு பாரு. சித்திரை வெயிலு. மாமா முகம் மாறிக்கிட்டே வருது. நீ என்ன செஞ்சிருப்ப?”

“காத்திருப்பேன்.”

மதினி எழுந்து போய் எனக்குச் சோறு போட்டார்.

இப்போது அவரே படுத்திருந்தார். கரண்ட் போய் ஐஸ் பெட்டி நின்றுவிட்டது. மகள் செல்வி வடக்கேயிருந்து வந்துகொண்டிருந்தாள்; இன்னும் மதுரையைத் தாண்டவில்லை. மகன் என்னிடம் வந்தான். “அத்தை, அப்பாவும் இல்ல, இப்ப நீங்கதான் மூத்தவுக. அக்கா வரட்டுமா, எடுத்துரவா?”

மதினியின் முகத்தைப் பார்த்தேன். உதட்டோரம் கறுத்து வந்தது. அந்த முகத்தோடு செல்வி அவரைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

“எடுங்கலே” என்றேன்.

வீடு கழுவிக்கொண்டிருந்தபோது செல்வி வந்து இறங்கினாள். “யாரு எடுக்கச் சொன்னது?”

“நான்தான்.”

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அப்பா முகம் பார்க்காத கோபம் எனக்கும் இன்னும் போகவில்லை. அதை மதினி இத்தனை காலம் எப்படித் தாங்கினார் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் விட்டுப்போனதில் என் பங்குக்கு வந்தது அவர் மகளின் கோபம். வைத்திருக்கிறேன்.