ஒரு பச்சை விடாமல்

டிக்கோயாப் பக்கத்தில் தோட்டக் கூலிகள் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே இருந்த காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். அத்தோடு எங்கள் ஓடை செத்தது. மழை பெய்தால் போதும், மலை மண்ணெல்லாம் கரைந்து சிவப்பாக வரும். ஓடையிலிருந்து தகரம் வைத்து இறக்கிய பீலியில் விழுவது அந்தத் தண்ணீர்தான். குடிக்க, குளிக்க, சோறாக்க எல்லாவற்றுக்கும் அதுதான். குடத்தில் பிடித்து வைத்தால் பாதி சேறு. கீழே பெரிய ஆறும் அதே நிறத்தில் ஓடியது.

எனக்கு அப்போது கைக்குழந்தை. பெண். வயிற்றுப்போக்கு விட்டு விட்டு வந்து எலும்பும் தோலுமாகிவிட்டாள். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா, "தெளிஞ்ச தண்ணியக் காய்ச்சிக் குடும்மா, வேற வழியில்ல" என்றார். தெளிந்த தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? அவர் வீட்டுக்குக் குழாயில் வந்தது, சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். "கரையில மானாப்புல்லு நட்டா மண்ணப் புடிக்கும் புள்ள. காடு இருந்தப்ப அதோட வேருதானே புடிச்சிச்சு." ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் தூறு தூறாகப் பிடுங்கி வந்து, பீலிக்கு மேலே கரை நெடுக நட்டோம். கரையில் தேயிலை இல்லையே, யார் கை வைக்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டோம். நம்பமாட்டீர்கள், புல் வேர் பிடித்தபின் பெய்த மழையில் தண்ணீர் கலங்கல் குறைந்து வந்தது. பிள்ளைக்கும் வயிற்றுப்போக்கு நின்றது. மடியில் கிடந்து சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தது பார் சனியன், அந்த மலைக்குப் புல்வெட்டு! தேயிலையைத் தவிர ஒரு பச்சை நிற்கக்கூடாது, அதுதான் துரையின் சட்டம். சுரண்டியால் மண்ணோடு வழித்தெடுக்க வேண்டும். மிச்சம் வைத்தால் அரைப்பேர், பாதிக் கூலிதான். கரைப்பக்கம் விழுந்தது என் அண்ணனுக்கு. தோட்டத்தின் மேற்பிரிவில் இருந்தவன். நாங்கள் நட்டது அவனுக்குத் தெரியாது.

சாயந்தரம் லயத்துக்கு வந்தான். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டே, "ஒங்க பீலிக்கர என்னா காடாக் கெடந்திச்சு தங்கச்சி! ஒரு பச்ச விடல, மொட்டையடிச்ச மாதிரி ஆக்கிட்டேன். கங்காணியே மெச்சுனாரு" என்றான்.

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். நான்தான் கத்தினேன்.

"பாவி அண்ணே, அந்தப் புல்லு நாங்க நட்டது! எம்புள்ள உசுருண்ணே அது!"

அவனுக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அன்று பிடித்த மழை விடவேயில்லை. பீலியில் சேறுதான் விழுந்தது. பிள்ளைக்கு மறுபடி வயிறு போயிற்று. மழை விடுவதற்குள் அவளும் போய்விட்டாள். குளிப்பாட்டி எடுத்துப்போக வேண்டுமே, அதற்கும் அந்தச் சிவப்புத் தண்ணீர்தான் இருந்தது. ஐயோ, அதை எந்தக் கையால் ஊற்றினேனோ!

தாய்மாமன் அவன்தான் குழிக்குத் தூக்கிப் போனான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து கரையில் மானாப்புல் நடுவான். புல்வெட்டு மறுபடி வரும். கங்காணி அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பார். அவன் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன. நட்டதையெல்லாம் அவனே சுரண்டி எறிவான்.